யாருக்கெல்லாம் தெரியும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நண்பர் மகன் கூப்பிட்டான். இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன், 26 வயது. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் 'சீக்ரெட்' கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்க அனுமதி, வந்தால்தான் வேலை. அதற்கு விண்ணப்பிக்கும் எஸ்எஃப்-86 படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினான். "அங்கிள், காலேஜ் முடிச்ச புதுசுல ரெண்டு கிரெடிட் கார்டு கட்டாம விட்டுட்டேன். ஒண்ணு இப்போ கிரெடிட் ரிப்போர்ட்லயே காட்டல. அப்புறம், கடையில வேலை பார்த்தப்போ கல்லாவுல பணம் குறைஞ்சுதுன்னு என்னைப் போகச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். அப்பா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம், ரிப்போர்ட்ல இல்லாததை நீயா போய் ஏன் எழுதறேன்னு கேக்கறாங்க."

எழுதிவிடு என்றேன். விளக்கமாக எதுவும் சொல்ல வரவில்லை. போனை வைத்த பிறகுதான் தூக்கம் போயிற்று. அந்த நண்பர்கள் அவனுக்குச் சொன்ன அதே யோசனையை 2017 அக்டோபரில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவன் நான். அதனால் என்ன ஆனது என்பதை அவனிடம் நான் சொன்னதில்லை. இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. வடக்கு வர்ஜீனியாவில் தமிழர்கள் கூடும் இடங்களில் கிளியரன்ஸ் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். 'ஊர்ல அப்பா அம்மா இருந்தா கொடுக்க மாட்டான்', 'ஊர்ல நிலம் இருந்தா சிக்கல்' என்றெல்லாம் பேசுவோம். கடனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம். ஒப்பந்த ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கும் டோஹா என்ற அமைப்பின் தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டு இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது பணம்தான். கார்டு பாக்கி, வரி பாக்கி, வீட்டுக்கடன். உளவு, சதி என்று சினிமாவில் பார்ப்பது எதுவும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் சம்பளத்துக்கு மேல் செலவழித்த கதைகள்.

அதனால் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

31 மணி நேரம்

நான் 2010-ல் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்க ஆரம்பித்தேன். பங்கின் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது மாதிரி. முதல் ஆறு மாதம் பணம் வந்தது. அப்புறம் வரவில்லை. போனதைப் பிடிக்கக் கார்டில் பணம் எடுத்தேன், அது போனதும் இன்னொரு கார்டு. 2011 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை, எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தைக் குறைத்தது. திங்கட்கிழமை டவ் ஜோன்ஸ் 634 புள்ளிகள் விழுந்தது. என் கையில் இருந்தவை அன்றைக்கே வெறும் காகிதமாயின. அந்த ஆண்டு முடியும்போது ஆறு கார்டுகளில் 46,000 டாலர் பாக்கி. அதே டிசம்பரில் மதுரையில் மாமனாருக்கு பைபாஸ் ஆபரேஷன். 4,000 டாலர் அனுப்பினேன். அதுவும் கார்டில் எடுத்த ரொக்கம், 24 சதவீத வட்டிக்கு. "என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேக்காம அனுப்பினார்" என்று என் மனைவி வருஷக்கணக்காக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்தை காலை 9:30-க்குத் திறக்கும். அந்த நேரத்தில் அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டைம்ஷீட்டில் அந்த நேரமும் அரசு ஒப்பந்தத்தில் வேலை பார்த்ததாக ஏறிவிடும். வாயிற்கதவின் பதிவையும் டைம்ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 31 மணி நேரம் பொய் என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். ராஜினாமா செய்கிறாயா, நாங்கள் நீக்கவா என்றார்கள். ராஜினாமா செய்தேன். அந்த 31 மணி நேரக் கூலியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் 'ப்ராஜெக்ட் முடிஞ்சுது' என்றேன்.

கடன்காரர்களின் கடிதங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று தபால் நிலையத்தில் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்தேன். அதன் சின்னப் பித்தளைச் சாவி ஆறு வருஷம் என் பர்ஸில் சில்லறை போடும் அறையில் கிடந்தது. புது வேலையில் சம்பளம் கூடியது. கூடியதை மனைவியிடம் சொல்லவில்லை. அந்த அதிகப்படியைத் தனிக் கணக்கில் போட்டு, லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையம் ஒன்றின் வழியாக 2014 முதல் மாதா மாதம் கட்டி நான்கு கார்டுகளை அடைத்தேன். மீதி இரண்டு, மொத்தம் 14,900 டாலர், வசூல் நிறுவனங்களுக்குக் கைமாறி எங்கேயோ போய்விட்டன. கடிதம் வருவதும் நின்றது. தேடிப் போய்க் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் 2017-ல் எனக்கும் அந்த எஸ்எஃப்-86 படிவம் வந்தது. நூறு பக்கத்துக்கு மேல். கடந்த ஏழு வருஷத்தில் எந்தக் கடனையாவது கட்டாமல் விட்டதுண்டா, நீக்கிவிடுவோம் என்று சொல்லி வேலையை விட்டதுண்டா என்று நேராகவே கேட்கிறது. கட்டி முடித்த நான்கு கார்டுகளை எழுதினேன். கட்டாத இரண்டையும் விட்டேன். வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் 'இதைவிட நல்ல வாய்ப்பு' என்று தட்டினேன். தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து வருஷம் வரை சிறை என்ற வாசகம் அதே படிவத்தில்தான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கடனைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள்

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. நான் கடனைக் கட்டாததற்கும் நாட்டின் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் வாக்கர் தென் கரோலினாவில் ஒரு மதுக்கடை நடத்தி நஷ்டப்பட்டவர். கடன் நெருக்கியபோது வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போனார். 1985-ல் பிடிபடும்வரை 17 வருஷம் கடற்படையின் சங்கேத ரகசியங்களை விற்றார். அதே 1985-ல் சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் விவாகரத்திலும் கடனிலும் சிக்கியிருந்தார். அவரும் அதே தூதரகத்துக்குப் போனார், முதல் தவணையாக 50,000 டாலர் கேட்டு வாங்கினார். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். இரண்டு பேரையும் யாரும் தேடி வந்து விலை பேசவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோது அவர்களே போனார்கள்.

யாருக்குக் கிளியரன்ஸ் கொடுக்கலாம் என்று பார்க்க இப்போது நடப்பில் இருக்கும் விதிமுறை 2017 ஜூன் 8 முதல் அமலுக்கு வந்தது. ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். எஃப் பண விவகாரம், ஈ தனிப்பட்ட நடத்தை. ஒவ்வொன்றின் கீழும் எதெல்லாம் சந்தேகம் தரும், எதெல்லாம் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கும் என்று இரண்டு பட்டியல். குறைக்கும் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை போனது, நோய், சாவு, விவாகரத்து என்று நம் கையில் இல்லாத காரணத்தால் வந்த கடனா, அதன் பிறகு பொறுப்பாக நடந்துகொண்டாயா, ஆலோசனைக்குப் போனாயா, நல்ல மனதோடு கட்ட முயன்றாயா என்றெல்லாம் கேட்கிறது. கறையே இல்லாதவனை அது தேடவில்லை. ஆனால் சும்மா காலம் கடத்தினால் போதும் என்றும் சொல்லவில்லை. வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது, ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிட்டது என்பதெல்லாம் நல்ல மனதோடு கட்டியதாக ஆகாது என்று டோஹாவின் மேல்முறையீட்டுக் குழு பல முறை சொல்லியிருக்கிறது. என் 14,900 டாலரை நான் எப்படிச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேனோ, அந்தச் சமாதானம் அங்கே எடுபடாது.

அந்த அறை

சீக்ரெட் நிலைக்கு எல்லாரையும் நேரில் கூப்பிட மாட்டார்கள். கேள்வி இருந்தால் கூப்பிடுவார்கள். 2018 ஜனவரியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. விசாரணை அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. குளிருக்கு ஒரு கம்பளிச் சால்வையைத் தோளில் போட்டிருந்தார். அவர் கைக்குக் கீழே ஒரு காக்கி நிற உறை மூடியபடி இருந்தது. முகவரி, படிப்பு, ஊரில் உள்ள உறவுகள் என்று வரிசையாகக் கேட்டு, படிவத்தில் எழுதியதைச் சரிதானா என்று உறுதிசெய்துகொண்டே வந்தார். வேலைகள் பகுதிக்கு வந்ததும், "2012-ல் இந்த இடத்தை விட்டது நல்ல வாய்ப்புக்காக, சரியா?" என்றார்.

என் பாட்டி ஒன்று சொல்வார்: வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது. கஷ்டத்திலும் சட்டையை இஸ்திரி போட்டுப் போகச் சொன்ன வீடு எங்களுடையது. கடன் வாங்கினால் அசிங்கம், வாங்கியது வெளியே தெரிந்தால் அதைவிடப் பெரிய அசிங்கம். அந்த வளர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் பட்டினியை மறைத்துக்கொண்ட மனிதர்களின் கௌரவம் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் எனக்குத் தெரிந்த ஒரே வழியாக அது நின்றது. 'ஆமாம்' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. "இல்லை" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரைக்கும் சரியாக விளக்கத் தெரியவில்லை. அந்த உறைக்குள் எல்லாம் இருக்கிறது என்ற பயம் பாதி. மீதி, இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்ற அசதி. டைம்ஷீட்டைச் சொன்னேன், எழுதாத இரண்டு கார்டையும் சொன்னேன். அவர் உறையைத் திறக்கவே இல்லை. எழுதிக்கொண்டே போனார். தேதி கேட்டார், தொகை கேட்டார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று கேட்டார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

பழைய முதலாளிக்குத் தெரியும், ஆலோசனை மையத்துக்குத் தெரியும் என்றேன்.

"உங்கள் மனைவிக்கு?"

தெரியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். தலை நிமிராமல், "தெரிந்துவிடும் என்று யாராவது உங்களை மிரட்டினால் என்ன செய்வீர்கள்?" என்றார். எல்லாரிடமும் கேட்கும் வழக்கமான கேள்விதான் அது. என்னிடம் பதில் இல்லை. அது வரைக்கும் அந்த ரகசியத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் பிடித்து இழுக்கக்கூடிய ஒரு கயிற்றை என் கழுத்தில் நானே கட்டிவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. படிவத்தின் நூறு பக்கமும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறது.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தத் தபால் பெட்டிச் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அதிலிருந்து ஆரம்பித்தேன். என் மனைவி அழவில்லை, கத்தவில்லை. கடிதங்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லி, தேதி வாரியாக அடுக்கினாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், காகிதத்தை ஒழுங்கு செய்யாமல் அவளால் யோசிக்க முடியாது. 2011 டிசம்பர் அறிக்கையில் அவள் விரல் நின்றது. ரொக்க முன்பணம், 4,000 டாலர். அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பா ஆபரேஷனுக்கு அனுப்பினது இதுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான்காவது நாள் கணக்கைப் பற்றி மட்டும் பேசினாள். அந்த இரண்டு வசூல் நிறுவனங்களையும் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்று 6,200 டாலருக்குப் பதிலாக 4,100-ஐ மொத்தமாக வாங்கிக்கொண்டது. வீட்டில் இருந்த இரண்டு கார்களில் ஒன்றை விற்று அதைக் கொடுத்தோம். இன்னொன்று 8,700, பதினான்கு தவணை. அவள் சம்பளத்திலிருந்து ஒரு டாலர்கூட இதற்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அது நியாயம்.

பதில் வரத் தாமதமானது. அந்த வருஷம் நாடு முழுக்க ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட விசாரணைகள் தேங்கிக் கிடந்தன. 2019 தொடக்கத்தில் எஸ்.ஓ.ஆர் எனப்படும் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. எஃப் தலைப்பில் ஆறு கார்டுகள். ஈ தலைப்பில் டைம்ஷீட், படிவத்தில் மறைத்தது. ஒவ்வொன்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' அல்லது 'மறுக்கிறேன்' என்று 20 நாளில் சத்தியப் பிரமாணத்தோடு பதில் எழுத வேண்டும். எட்டையும் ஒப்புக்கொண்டேன். விளக்கம் எழுதும்போது மாமனார் ஆபரேஷனைச் சேர்த்தேன். மருத்துவ அவசரம், நம் கையில் இல்லாத காரணம், விதியிலேயே இருக்கிறதே. மனைவி அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "இதை எடுத்துடுங்க" என்றாள். "46,000-ல அது 4,000. மீதி எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எங்கப்பாவை உங்க தப்புக்குச் சாட்சியா இழுக்காதீங்க." எடுத்துவிட்டேன். அந்தப் பத்தியை எடுத்த பிறகுதான் நான் எழுதியது எனக்கே முழு உண்மையாகப் பட்டது. எது உண்மையோ அதையே சாக்காக ஆக்கிக்கொள்ளவும் முடியும் என்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஆர்லிங்டனில் விசாரணை. ஒரு நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், சுருக்கெழுத்தர். இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து பதில் சொல்லும் வாய்ப்பே ஒருவர் போராடி வாங்கியது. வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளர், யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் கிளியரன்ஸையும் வேலையையும் இழந்தார். அவர் வழக்கில் 1959-ல் உச்ச நீதிமன்றம் அது சரியல்ல என்றது, அடுத்த ஆண்டு அதிபர் ஐசனோவர் போட்ட ஆணையிலிருந்து ஒப்பந்த ஊழியர்களுக்கு இந்த விசாரணை முறை வந்தது. கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் இல்லை என்று 1988-ல் ஈகன் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

என் மனைவி சாட்சி சொன்னாள். எப்போது தெரியும் என்று வழக்கறிஞர் கேட்டார். தேதியைச் சொன்னாள். "இப்போது இவரை நம்புகிறீர்களா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். நம்புகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். "இப்போது கணக்கை நான் பார்க்கிறேன்" என்றாள். பச்சைக் கோப்பைத் திறந்து இருபது மாதச் செலவு அட்டவணையை எடுத்து மேஜையில் வைத்தாள். அதை ஆவணமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. எஃப், ஈ இரண்டிலும் எனக்குச் சாதகம். யாரும் ஆதாரத்தைக் காட்டும் முன்பே நானாகத் திருத்தினேன் என்பதை நீதிபதி எடுத்துச் சொல்லியிருந்தார். ஈ தலைப்பில் சந்தேகத்தைக் குறைக்கும் முதல் காரணமே அதுதான். அந்த உறை திறந்த பிறகு வாயைத் திறந்திருந்தால் இந்த வரி வந்திருக்காது. எத்தனை வினாடி வித்தியாசம் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் பையனுக்குச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைத் திரும்பக் கூப்பிட்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். மேலே எழுதியதையெல்லாம் அவனிடம் சொன்னேன், என் மனைவியை வைத்துக்கொண்டே. அவனுக்கு ஒரு நியாயமான கேள்வி இருந்தது. "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தா அது பத்திரமா இருக்குமா அங்கிள்?" அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளிலிருந்து இரண்டு கோடியே பதினைந்து லட்சம் பேரின் பின்னணி விசாரணை விவரங்கள் திருடு போனது 2015-ல் தெரியவந்தது. பத்திரமாக இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. திருடு போனாலும் அதை வைத்து உன்னை யாரும் மிரட்ட முடியாதபடி இருந்துகொள், அது ஒன்றுதான் உன் கையில் இருக்கிறது என்றேன். கிடைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியும் கிடைக்காமல் போனவர்களின் தீர்ப்புகளை நிறையப் படித்திருக்கிறேன்.

கிரெடிட் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான். மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டும் இருந்தன. என் மனைவி மேஜையில் கிடந்த காபி டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு தாளாகத் தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்தாள். ரிப்போர்ட்டில் இல்லாத கார்டின் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அதற்குரிய இடத்தில் செருகினாள். கல்லாவில் எடுத்தது எவ்வளவு என்று கேட்டாள். 340 டாலர் என்றான். திருப்பிக் கொடுத்தாயா என்றாள். இல்லை என்றான். அந்தக் கடையின் பெயரையும் தாளில் எழுதினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. ரொம்ப நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ஆன்ட்டி, நான் எப்படிச் சொல்றது?" என்றான்.

என் மனைவி தாள்களை அந்தப் பச்சைக் கோப்பில் வைத்து மூடினாள். "சாயங்காலம் வீட்டுல இருப்பாங்களா? வேணும்னா நான் கூட வரேன்" என்றாள்.